லிமரிக் நகரும் ஒரு சிறுவனின் நினைவும்

எங்கள் பள்ளியின் ஆசிரியர் நூலகத்துக்கு அன்பர் ஒருவர் ஒரு பெட்டி நிறைய நூல்களை அன்பளிப்பாக அனுப்பியிருந்தார். அவற்றைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்த இளம் ஆசிரியை, ஆங்கில நூல் ஒன்றைக் கையிலெடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "சார், இதை எந்த அடுக்கில் வைப்பது? வரலாற்றிலா, கதையிலா?" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். பிராங்க் மெக்கோர்ட் எழுதிய 'ஏஞ்சலாவின் சாம்பல்'. "இரண்டு நாள் என்னிடம் இருக்கட்டும், டீச்சர்" என்று சொல்லி வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. முன்னர் ஒருமுறை படித்த நூல்தான். ஆயினும் இம்முறை அந்த ஆசிரியையின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே படித்தேன். அதன் பயன் இக்கட்டுரை.

அக்கேள்வி எங்கள் பள்ளியில் முதன்முதலாக எழுந்த கேள்வியன்று. அயர்லாந்து நாட்டின் மேற்கே, ஷானன் ஆற்றின் கரையில் லிமரிக் என்னும் நகர் இருக்கிறது. நூல் 1996-இல் வெளிவந்து, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்று, உலகெங்கும் விற்பனையான போது, அந்நகரத்து மக்களிற் பலர் கொதித்து எழுந்தனர். எங்கள் ஊரைப் பற்றி எழுதியது பொய் என்றனர் சிலர்; மிகை என்றனர் சிலர். வானொலியிலும் செய்தித்தாளிலும் வழக்காடினர். நூலை மறுப்பதற்கென்றே நூல் எழுதியவரும் உண்டு. புகழ்பெற்ற நடிகர் ரிச்சர்ட் ஹாரிஸ் கடுமையாகத் தாக்கினார். அவரும் லிமரிக்கில் வளர்ந்தவர். மெக்கோர்ட் பிறந்த அதே 1930-ஆம் ஆண்டில் பிறந்தவர். ஆனால் மாவு ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. மறுபுறத்தில், லிமரிக் பல்கலைக்கழகமோ 1997-இல் மெக்கோர்ட்டுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிற்று. ஒரே நகரம் ஒரே நூலுக்குக் கல்லும் எறிந்தது, மாலையும் சூட்டிற்று.

நூலைப் படிக்காத அன்பர்களுக்காகச் சில சொற்கள். மெக்கோர்ட் பிறந்தது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில். தந்தை வட அயர்லாந்துக்காரர். தாய் ஏஞ்சலா லிமரிக்கைச் சேர்ந்தவள். பஞ்ச காலத்தில் அமெரிக்காவில் பிழைக்க வழியின்றி, பிராங்குக்கு நான்கு வயதாகும்போது குடும்பம் அயர்லாந்துக்குத் திரும்புகிறது. கைக்குழந்தைத் தங்கையை அமெரிக்காவிலேயே இழந்தாயிற்று. லிமரிக்கில் இரட்டைத் தம்பியர் இருவரும் ஒருவர் பின் ஒருவராக இறக்கின்றனர். தந்தை வேலைக்குச் சென்றாலும், வேலையில்லாதோர் உதவித்தொகை பெற்றாலும், காசு மதுக்கடைக்கே போகிறது. போர்க்காலத்தில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகருக்கு வேலைக்குப் போகிறவர் வீட்டுக்குப் பணம் அனுப்ப மறந்துவிடுகிறார். தாய் அறச்சங்கத்தின் படிகளில் நிற்கிறாள். பத்து வயதில் பிராங்க் குடற்காய்ச்சலில் படுத்து, மருத்துவமனையில் பக்கத்து அறைச் சிறுமியின் வாய்மொழியாக முதன்முதலாகக் கவிதையின் சுவையை அறிகிறான், அச்சிறுமியும் இறந்துபோகிறாள். பின்னர் தந்திச் சேவகனாகிப் பணம் சேர்த்து, 1949-இல், பத்தொன்பது வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறான். கதை இவ்வளவே. இத்தனை துன்பங்களையும் சொல்லும் நூல் பக்கத்துக்குப் பக்கம் நம்மைச் சிரிக்க வைக்கிறது என்பது படித்தவர்க்கே விளங்கும்.

வழக்கின் முதற்பொருள் மழை. நூலின் தொடக்கப் பக்கங்களில் லிமரிக்கின் மழை ஓயாது பெய்கிறது. ஈரமும் இருமலும் நகரை ஆள்கின்றன. ஊரார் இதற்கு நகைத்தனர். அவர்கள் நகைத்ததிலும் நியாயம் உண்டு. அயர்லாந்தின் மேற்குக் கரையில் லிமரிக்கைக் காட்டிலும் மழை மிகுந்த இடங்கள் பல. லிமரிக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் தோட்டப்புறங்களில் 2,000-க்கும் மேல் பெய்கிறது. மழைக்காலத்தில் எங்கள் பள்ளித் திடல் குளமாகிறது. அதனால் நாம் யாரும் மழையை வைத்துத் துன்பநூல் எழுதிவிடவில்லை.

ஆனால் அச்சிறுவன் மழையென்று சொல்வது எதனை? சட்டை நனைகிறது, வீட்டில் கணப்புக்கு நிலக்கரி இல்லை, ஆகையால் நனைந்தது காய்வதில்லை. ஈரச் சட்டையோடு பள்ளிக்குப் போகிறான், ஈரச் சட்டையோடு உறங்குகிறான். நிலக்கரி வாங்கக் காசில்லாத வீட்டில் பெய்த மழை வேறு; ஹாரிஸ் வீட்டுக் கூரைமேல் பெய்த மழை வேறு. தெருவில் வண்டியிலிருந்து சிதறிய கரித்துண்டுகளைத் தாயும் பிள்ளைகளும் பொறுக்குகின்றனர். கழுத்துப்பட்டை கட்டிய தந்தையோ மானம் போகுமென்று குனிய மறுக்கிறார். மழையளவைக் கொண்டு இந்நூலை மறுப்பவர்கள், எரிபொருளைப் பற்றிய செய்தியை வானிலைச் செய்தியாகப் படித்துவிட்டார்கள்.

ரோடன் சந்தில் அவர்கள் குடியிருந்த வீட்டின் செய்தியும் இத்தகையதே. அச்சந்தினர் எல்லாருக்கும் பொதுவான ஒரே கழிப்பிடம் இவர்கள் வாயிற்புறத்திலேயே இருக்கிறது. மாரிக்காலத்தில் கீழ்த்தளம் வெள்ளக்காடாகிறது. குடும்பம் மேல்தளத்துக்கு ஏறிக்கொள்கிறது. உலர்ந்து கதகதப்பாயிருக்கும் மேல்தளத்துக்கு 'இத்தாலி' என்றும், நனைந்து கிடக்கும் கீழ்த்தளத்துக்கு 'அயர்லாந்து' என்றும் பெயரிடுகின்றனர். நகராட்சி ஆவணத்தில் இவ்வீட்டின் நீள அகலம் இருக்கலாம். குடியிருந்தோர் எண்ணிக்கை இருக்கலாம். அவ்வீட்டுக்கு இத்தாலி என்றொரு மாடி இருந்ததை எந்த ஆவணக்காப்பகத்திலும் தேடிக் காண முடியாது. லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இவ்விடத்தில் சிறிது நேரம் நூலை மூடி வைக்க வேண்டியிருந்தது.

இனித் திறனாய்வாளர் பலர் போதிய அளவு கருதாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அது நூலின் காலமொழி. தொடக்கச் சில பக்கங்களில் பேசுகிறவர் அறுபதைக் கடந்த முதியவர். ஊரைப் பற்றியும், சமயத்தைப் பற்றியும், மழையைப் பற்றியும் பொதுப்படக் கூறுகிறார். பெற்றோர் எவ்வாறு சந்தித்தனர் என்று கடந்த காலத்தில் சொல்லுகிறார். பின்னர், புரூக்ளினில் ஒரு விளையாட்டுத் திடலில் தம்பியோடு ஏற்றப்பலகையில் ஆடும் காட்சி வருகிறது. அந்தக் கணத்திலிருந்து நூல் நிகழ்காலத்துக்கு மாறிவிடுகிறது. பேசுகிறவன் சிறுவன். அவனுக்கு நாளை நடக்கப்போவது தெரியாது. பெரியவர்கள் செய்வதன் காரணமும் தெரியாது. பிறர் பேச்சு மேற்கோட்குறியின்றி அவன் பேச்சோடு கலந்தே ஓடுகிறது. அவன் வளர வளர அவனுடைய மொழியும் வளர்கிறது. மூன்று வயதுக்காரனின் சொற்றொடரும் பதின்மூன்று வயதுக்காரனின் சொற்றொடரும் ஒன்றாயிருக்கவில்லை. தமிழாசிரியர் எவரும் மாணவர் கட்டுரையில் காலமயக்கம் கண்டால் சிவப்பு மையால் வட்டமிடுவோம். இங்கோ காலமாற்றமே நூலின் உயிர்நிலை.

இதனைக் கண்டுகொண்டால் வழக்கு பாதி தீர்ந்துவிடும். முதியவர் பேசும் இடங்களில் அவர் லிமரிக்கின் வரலாற்றுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். சிறுவன் பேசும் இடங்களில் அவன் சிறுவனாக இருக்கிறானா என்பதே கேள்வி. ஐந்து வயதில் கேட்ட உரையாடலை அறுபத்தைந்து வயதில் ஒருவர் சொல்லுக்குச் சொல் எழுத முடியாது. அதை நூலாசிரியர் புனைந்துதான் இருக்க வேண்டும். ஆயினும் முதல் நற்கருணை நாளன்று பாட்டி வீட்டுக் கொல்லையில் வாந்தியெடுத்துவிட்டு, அதனை வெறுநீரால் கழுவுவதா புனித நீரால் கழுவுவதா என்று பாதிரியாரிடம் கேட்டுவரப் பாட்டி விரட்ட, ஓடுகின்ற அந்தச் சிறுவனை நான் ஐயப்படவில்லை. எத்தனையோ சிறுவர்களை முப்பது ஆண்டு வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். அவர்களில் அவனும் ஒருவன்.

அப்படியானால் லிமரிக் மக்கள் வருந்தியது வீணா? வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய சார்பிலும் ஒரு வாதம் இருக்கிறது. அதை அவர்களே சரியாக எடுத்துரைக்கவில்லை என்பதுதான் குறை. நாங்கள் ஏழைகளாயில்லை என்று வாதாடியவர்கள் தோற்பது உறுதி. சந்துகள் இருந்தன, இரட்டைப் பிள்ளைகள் இறந்தனர். நாங்கள் ஏழைகளாக மட்டும் இருக்கவில்லை என்று வாதாடியிருக்க வேண்டும்.

லிமரிக்கின் வரலாற்றைச் சிறிது பாருங்கள். பத்தாம் நூற்றாண்டில் வைக்கிங் கடலோடிகள் குடியேறிய ஊர் அது. ஆற்றங்கரையில் ஜான் மன்னன் பெயரால் வழங்கும் கோட்டை பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தது. 1691-இல் முற்றுகைக்குப் பின் பாட்ரிக் சார்ஸ்ஃபீல்டு இங்கிலாந்தின் படையோடு செய்துகொண்ட உடன்படிக்கை பின்னர் மீறப்பட்டது; அது கையெழுத்தானதாகச் சொல்லப்படும் கல்லை இன்றும் மேடை கட்டி ஆற்றோரம் வைத்திருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரி என்பவரின் நிலத்தில் நேர்கோடு பிடித்தாற்போல் புதுநகர் எழுந்தது; செங்கல் மாளிகைகள் வரிசையாக நின்றன; அம்மாளிகைகளின் முதுகுப்புறத்தில் சந்துகள் முளைத்தன. பன்றி இறைச்சி பதனிடும் தொழிற்சாலைகளுக்கு அந்நகர் பேர்போனது.

இவற்றில் பெரும்பாலானவை சிறுவனின் கண்ணில் படவில்லை. பட்டவையும் பிரம்பின் வழியாகவே பட்டன. சார்ஸ்ஃபீல்டின் வீரத்தை வகுப்பில் ஒப்பிக்கிறார்கள். அவன் பெயர் தாங்கிய படைமுகாம் அவர்கள் சந்துக்கு மேலேயே இருக்கிறது. ஆசிரியர் சமயத்துக்காக உயிர்விடச் சொல்கிறார். குடித்துவிட்டு நள்ளிரவில் வரும் தந்தை பிள்ளைகளை எழுப்பி வரிசையாக நிறுத்தி, அயர்லாந்துக்காக உயிர்விடுவதாக உறுதி வாங்குகிறார். உயிரோடிருப்பதைப் பற்றி யாரும் பாடம் நடத்தவில்லை. வட்டார வரலாற்றைச் சொந்த ஊரிலிருந்து தொடங்குக என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். நல்ல அறிவுரைதான். ஊர் வரலாறு பசித்த பிள்ளையின் காதில் எப்படி விழுகிறது என்பதை அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனால் நூல் விட்டுவிட்ட வேறொன்று இருக்கிறது. அதற்குச் சிறுவனைச் சாக்காகக் காட்ட முடியாது. 1919 ஏப்ரலில், லிமரிக் நகருக்குள் வருவதற்கும் போவதற்கும் படையினரிடம் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்று ஆணை பிறந்தபோது, தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டு வாரம் வேலைநிறுத்தக் குழுவே நகரை நடத்திற்று. உணவு விலையைக் குழு வரையறுத்தது. சொந்தமாகப் பணத்தாள்கூட அச்சிட்டது. வரலாற்றில் அதற்கு 'லிமரிக் சோவியத்' என்று பெயர். மெக்கோர்ட் குடும்பம் லிமரிக்குக்கு வருவதற்கு முன் பதினைந்து ஆண்டுகள்தாம் கழிந்திருந்தன. அதில் ஈடுபட்டவர்கள் சந்துகளில் அப்போதும் உயிரோடிருந்திருப்பார்கள். நூலில் லிமரிக்கின் ஏழை எங்கும் கையேந்துகிறான், இருமுகிறான், பாடுகிறான், குடிக்கிறான். கூடிநின்று கேட்பதாக ஓரிடத்திலும் காணோம். சிறுவன் காணாதது குற்றமாகாது. தொடக்கப் பக்கங்களில் நகரத்தை ஒட்டுமொத்தமாக எடைபோடத் துணிந்த முதியவர் காணாதது குற்றமே. ஊராரின் வருத்தத்தில் நான் பங்குகொள்வது இவ்விடத்தில்தான்.

ஒரு நகருக்கு ஒரே சிறுவனின் நினைவு போதாது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. கேட் ஓப்ரையன் என்னும் அம்மையார் அதே லிமரிக்கில் 1897-இல் பிறந்தவர். மல்கிரேவ் தெருவில் இருந்த அவர் பிறந்த வீட்டுக்கும் மெக்கோர்ட்டின் சந்துக்கும் நடந்துபோகும் தொலைவே. தந்தை குதிரை வாணிகர். ஐந்து வயதில் தாயை இழந்து, லாரல் ஹில் கன்னிமாடப் பள்ளியில் தங்கிப் படித்தார். 'மெல்லிக்' என்று பெயர் மாற்றி லிமரிக்கை நாவல்களில் வைத்தார். 1931-இல் வெளிவந்த முதல் நாவலில், குதிரை திருடிக்கொண்டு வந்த ஒருவன் மலைக்கணவாயிலிருந்து அந்நகரைப் பார்க்கிறான். அவன் வழிவந்தவர்கள் அங்கே பெருஞ்செல்வராகின்றனர். முதுமையில் எழுதிய 'பிரசண்டேஷன் வரவேற்பறை' (1963) தம் அத்தைமார் சித்திமார் ஐவரைப் பற்றிய நினைவு நூல். அவர்களில் இருவர் துறவியர். குழந்தைகள் அவர்களைக் காண மடத்தின் வரவேற்பறைக்குப் போவார்கள். மெழுகிட்ட தரை, மெல்லிய பேச்சு, கண்டிப்பும் கனிவும் கலந்த பெண்டிர் என்று அந்த லிமரிக் வேறு உலகமாகத் தோன்றுகிறது.

மெக்கோர்ட்டுக்குச் சமயம் என்பது மூடிக்கொள்ளும் கதவு. ஓப்ரையனுக்கு அதே சமயம் ஒழுங்கும் அழகும் தந்த வளர்ப்புத்தாய், ஒருவாறு சிறையுந்தான். யார் சொல்வது உண்மை? கன்னிமாடத்தின் வரவேற்பறைக்குள் நுழைய மெக்கோர்ட்டுக்கு வாய்ப்பில்லை. ரோடன் சந்தின் கழிப்பிடத்தருகில் நிற்க ஓப்ரையனுக்குத் தேவை நேரவில்லை. இன்னொன்றும் சொல்வேன். செல்வ வீட்டில் பிறந்த அம்மையாருக்கும் நாடு கதவைச் சாத்தவே செய்தது. 1941-இல் வெளிவந்த அவருடைய நாவலை ஒரே ஒரு வாக்கியத்துக்காக அயர்லாந்தின் தணிக்கைக் குழு தடை செய்தது. இங்கிலாந்தில் வாழ்ந்து அங்கேயே 1974-இல் காலமானார். எழுத்துத் திறத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால், அமைதியும் ஆழமும் ஓப்ரையனிடம் மிகுதி. உயிர்த்துடிப்பு மெக்கோர்ட்டிடம் மிகுதி. என் விருப்பம் நாளுக்கு நாள் மாறுகிறது.

கதவு என்றேன். அந்நூலில் ஒரு தலைமையாசிரியனின் மனத்தை வருத்தும் பகுதி அதுவே. ஹார்ட்ஸ்டாங் தெருவிலிருந்த லீமி பள்ளியில் பிராங்க் படித்தான். அங்கிருந்த ஆசிரியர்களில் அடிப்பவர்களே பெரும்பாலோர். ஒருவர் வகுப்பில் ஆப்பிள் சீவித் தின்றுவிட்டு, சரியாக விடை சொன்ன பையனுக்குத் தோலைப் பரிசாகத் தருவார். பசித்த பிள்ளைகள் அத்தோலுக்குப் போட்டியிடுவார்கள். ஆனால் மேல்வகுப்பை நடத்திய தலைமையாசிரியர் வேறு வகை. வரலாற்றில் நம்மவர் செய்த கொடுமையையும் மறைக்காமல் சொன்னார். வயிறு காலியாயிருந்தாலும் மனத்தில் செல்வம் சேர்க்கச் சொன்னார். பிராங்கின் தாயை அழைத்து, இவனை மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பு என்றார். தாயும் மகனும் கிறிஸ்தவ சகோதரர் பள்ளிக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். திறந்தவர் இடமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார். முன்பு பூசை உதவிச் சிறுவனாகச் சேர்க்கத் தந்தை இலத்தீன் சொல்லிக்கொடுத்து அழைத்துச் சென்றபோதும் இப்படியே கதவு சாத்தப்பட்டது. அறிவுள்ள பையன்கள் எடுபிடிகளாகப் போவதைக் கண்டு அந்தத் தலைமையாசிரியர் சினந்து பேசுவதோடு செய்தி முடிகிறது. வேறென்ன செய்வார்? பதினான்கு வயதோடு கட்டாயக் கல்வி முடிந்துவிடும் நாடு. அதற்கு மேற்படிப்புக்குக் கட்டணம்.

சிறுவனின் நூல் அவ்வளவோடு நின்றுவிடும். அதற்கு மேல் சொல்ல வட்டார வரலாற்றால்தான் முடியும். 1966 செப்டம்பரில் அயர்லாந்தின் கல்வி அமைச்சர் டோனா ஓமாலி, அமைச்சரவையின் முழு ஒப்புதலைப் பெறுவதற்கு முன்பே, பத்திரிகையாளர் விருந்து ஒன்றில் இலவச மேல்நிலைக் கல்வியை அறிவித்தார். ஆண்டுதோறும் ஏறத்தாழ 17,000 பிள்ளைகள் தொடக்கப் பள்ளியோடு படிப்பை முடித்துக்கொள்வது நாட்டின் மனச்சான்றில் படிந்த கறை என்று அவர் பேசினார். 1967-இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஓமாலி மறைந்தார். இந்த ஓமாலி எந்த ஊர்க்காரர் தெரியுமா? லிமரிக்! 1921-இல் அங்கே வசதியான குடும்பத்தில் பிறந்து, அந்நகரின் மேயராகவும் இருந்தவர். மெக்கோர்ட்டுக்குச் சாத்திய கதவை இருபது ஆண்டுக்குச் சற்று மேல் கழித்து நாடு முழுதுக்கும் திறந்தவர் அதே தெருக்களில் நடந்தவர். மெக்கோர்ட்டின் சந்தைப் பற்றி அவருக்கு என்ன தெரிந்திருந்ததோ, நான் அறியேன். ஆனால் ஓமாலியின் பெயரை அறியாமல் 'ஏஞ்சலாவின் சாம்ப'லைப் படிக்கும் வாசகர், லிமரிக் கதவைச் சாத்த மட்டுமே தெரிந்த ஊர் என்று எண்ணிக்கொண்டு போய்விடுவார்.

நூலின்மேல் எனக்குள்ள பெரிய குறையையும் சொல்லிவிடுகிறேன். அது பெயர்கள் பற்றியது. அண்டை வீட்டார், உறவினர், உடன் படித்தவர் எனப் பலர் தத்தம் பெயரோடு நூலில் நடமாடுகின்றனர். அவர்களிற் சிலர் இழிவான செயல்களோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றனர். தன் பசியைச் சொல்ல ஒருவருக்கு முழு உரிமை உண்டு. அடுத்த வீட்டுக்காரனின் மறைவான பாவத்தைப் பெயரோடு சொல்ல, சிறுவனின் அரைகுறை நினைவு போதுமான சான்றாகாது. சொல்லப்பட்டவர்களுக்கு மறுமொழி கூறப் புலிட்சர் பரிசு பெற்ற நூல் ஒன்றும் கையில் இல்லை. தாய் ஏஞ்சலாவின் மானத்துக்குரிய செய்திகளும் வெளிப்படையாக வருகின்றன. அவர் 1981-இல் இறந்தவர், நூலைப் படிக்கவில்லை. ஆனால் பிராங்கும் தம்பி மலாக்கியும் தங்கள் இளமைக் கதையை மேடையில் நடித்துக் காட்டியபோது, அவையில் இருந்த தாய் எழுந்து அனைத்தும் பொய் என்று கூவியதாகச் சொல்லப்படுகிறது. தாயின் வெட்கத்தை நான் மதிக்கிறேன். மகனின் தேவையையும் மறுக்க முடியவில்லை. அம்மேடைக் காட்சியை நினைக்குந்தோறும் எவர் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை.

தன் குற்றத்தை மறைக்காதவர் என்ற அளவில் மெக்கோர்ட்டைப் பாராட்ட வேண்டும். சிறுவனாயிருந்தபோது, வட்டிக்குக் கடன் கொடுக்கும் கிழவி ஒருத்திக்காக மிரட்டல் கடிதங்கள் எழுதிக்கொடுத்துக் காசு சம்பாதிக்கிறான். கடன்பட்டவர்கள் அவனுடைய சந்தைப் போன்ற சந்துகளில் வாழ்பவர்களே. எழுத்தாளரின் முதல் ஊதியம் அது! கிழவி இறந்து கிடப்பதைக் காணும்போது, அவள் பணத்தை எடுத்துக்கொள்கிறான். கடன் எழுதிய பேரேட்டைக் கொண்டுபோய் ஷானன் ஆற்றில் எறிகிறான். ஏழைகளின் கடன் அத்தோடு அழிகிறது. படிக்கும்போது மனம் மகிழ்கிறது. ஆனால் அந்த ஏடு இன்று இருக்குமானால், லிமரிக்கின் சந்துகளில் யார் எவ்வளவு எதற்காகக் கடன்பட்டார் என்பதை வரலாற்றாளர் எவ்வளவு துல்லியமாக எழுதியிருப்பார்! நினைவு நூலும் வட்டார வரலாறும் ஒன்றையொன்று தின்று வாழ்வதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

மெக்கோர்ட் பிற்காலத்தில் ஆசிரியர் என்பதை நம்மவர் சிலரே அறிவர். நியூயார்க்கின் அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற பின்னரே முதல் நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. ஆசிரியப் பணியைப் பற்றி 2005-இல் ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு செய்தி. மாணவர்கள் பெற்றோர் எழுதியதுபோல் தாங்களே எழுதிக்கொண்டுவரும் விடுப்புக் கடிதங்களைப் பார்க்கிறார். கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரிக்கு மேல் நகராத பையன்கள் அக்கடிதங்களில் என்னென்ன கற்பனை செய்திருக்கிறார்கள்! தண்டிப்பதை விட்டுவிட்டு, ஆதாம் கடவுளுக்கு எழுதும் விடுப்புக் கடிதம் எழுதுங்கள் என்று வகுப்பில் பயிற்சியாகவே தந்துவிட்டார். என் மேசை இழுப்பறையிலும் அப்படிப்பட்ட கடிதங்கள் கிடக்கின்றன. ஒரே பாட்டி மூன்று முறை இறந்திருக்கிறார். இதைப் படித்த நாள்முதல் அவற்றை வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஆனாலும் கண்டிக்கத்தான் செய்கிறேன்.

நூலின் தலைப்பைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. தாய் அணைந்த கணப்பின் முன் அமர்ந்து சாம்பலைப் பார்த்துக்கொண்டிருப்பது முதல் நூலில் திரும்பத் திரும்ப வருகிறது. 1999-இல் வந்த இரண்டாம் நூலின் முடிவில்தான் மற்றொரு பொருள் துலங்குகிறது. தாயின் உடலை எரித்த சாம்பலைப் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து, லிமரிக்கை அடுத்த மங்ரெட் மடத்தின் இடிபாடுகளில் தூவுகிறார்கள். ஊரை அவ்வளவு வெறுத்தவர்கள் என்று ஊரார் சொன்ன பிள்ளைகள்!

மெக்கோர்ட் 2009-இல் காலமானார். சந்துகள் எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டன. 1930-களிலேயே நகராட்சி புது வீடுகளைக் கட்டத் தொடங்கியிருந்தது. லீமி பள்ளிக் கட்டடம் மட்டும் நிற்கிறது. அதில் 2011-இல் மெக்கோர்ட் நினைவாக ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய வகுப்பறையை அப்படியே அமைத்து, ரோடன் சந்து வீட்டைப் போன்ற ஓர் அறையையும் உள்ளே உண்டாக்கி வைத்திருந்தார்கள். 2019-இல் அது மூடப்பட்டது. அங்கிருந்த பொருள்கள் பெரி சதுக்கத்தில், செல்வர்கள் வாழ்ந்த பழைய செங்கல் மாளிகை ஒன்றிலுள்ள மக்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆசிரியையிடம் நூலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வரலாற்று அடுக்கில் வைக்கச் சொன்னேன். பக்கத்தில் கேட் ஓப்ரையனையும் லிமரிக் வரலாறு ஒன்றையும் வாங்கி வைக்க வேண்டும் என்றும் சொன்னேன். "அதற்குப் பணம், சார்?" என்றார். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் அடுத்த மாதம்.